சுவருக்குக் கேட்கும் குரல்

வாஹித் பாஷாவின் தொண்டையில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு நோயும் இல்லை. குரல் கொஞ்சம் கரகரக்கும், அவ்வளவுதான். அவனுடைய அப்பா சர்தார் பாஷாவுக்கும் அப்படித்தான். ஆம்பூரில் தோல் தரகு செய்கிற குடும்பம் அது. அந்த வியாபாரத்தில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். விரலைப் பிடித்து அழுத்தினால் அதுதான் விலை. சுற்றி நிற்கிறவர்களுக்கு, இரண்டு பெரிய மனிதர்கள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு கை கோத்து நிற்பது மட்டும் தெரியும். பாட்டன் காலத்திலிருந்து இப்படியே பிழைத்த குடும்பத்தில் உரக்கப் பேசும் பழக்கம் எங்கிருந்து வரும்? சர்தார் பாஷா வீட்டில் சண்டை நடந்தால் அடுத்த வீட்டுக்கு மறுநாள்தான் தெரியும்.

வாஹித் பாஷாவுக்குத் தோல் பிடிக்கவில்லை. வாத்தியாராக வேண்டும் என்றான். அந்தச் சமயம் ஆம்பூர்த் தோல் வியாபாரிகள் சிலர் கூடி, மண்டித் தெருவுக்குப் பின்னால் தொழிலாளர் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். டிரெயினிங் முடித்த சர்டிபிகேட்டோடு வந்தால் அந்த வேலை வாஹித்துக்கே என்று கமிட்டி வாக்குக் கொடுத்தது. சர்தார் பாஷாவும் ஒப்புக்கொண்டார்.

"பள்ளிக்கூடம் தொறக்குற அன்னிக்கு சர்டிபிகேட்டு கையில இருந்தா நீ வாத்தியாரு. இல்லாட்டி மண்டிக்கு வந்து துண்டைப் புடி. அப்பறம் என்னைக் குறை சொல்லாதே."

இப்படியாக அவன் வேலூருக்கு வந்து, பாகாயம் போகிற பாதையில் இருந்த ஆசிரியர் போதனாப் பள்ளியில் சேர்ந்தான். முதல் சில மாதம் நன்றாகவே போயிற்று. போதனாப் பள்ளிக்குள்ளேயே மாதிரிப் பள்ளி ஒன்று இருந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து, பயிற்சி ஆசிரியர்கள் முறை போட்டுப் பாடம் நடத்த வேண்டும். வாஹித் பாலாற்றைப் பற்றி நடத்தினான். "தண்ணியே இல்லாத ஆத்துக்கு இம்மாம் பெரிய பாலம் எதுக்கு சார்?" என்று ஒரு பையன் கேட்டான். வாஹித்துக்குப் பதில் தெரியவில்லை. வகுப்பு முழுக்கச் சிரித்தது, அவனும் சிரித்தான். இதை விட்டால் எனக்கு வேறு வேலை வேண்டாம் என்று அன்றைக்கு அவனுக்குத் தோன்றியது. அவ்வளவு சந்தோஷம் அவன் வாழ்க்கையில் அதற்குமுன் வந்ததில்லை.

பிறகுதான் தலைமை ஆசிரியர் வேலாயுத முதலியார் பட்டணத்துக்கு ஒரு மகாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார்.

வேலாயுத முதலியார் நல்ல உயரம், நல்ல தலைப்பாகை. அவருடன் வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் ராவ் சாகிப் ஆகிவிட்டார்கள். இவர் மட்டும் இன்னும் வெறும் முதலியாராகவே இருந்தார். இந்த மனக்குறையோடு மகாநாட்டுக்குப் போனவர், அங்கே யாரோ ஒரு துரை ஆசிரியர்களின் தொண்டையைப் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டார். ரயிலை விட்டு இறங்கியதும் எல்லோரையும் ஹாலில் கூட்டினார்.

"கனவான்களே! ஆசிரியனுக்கு எது பிரதானம்? மூளையா? இல்லை. தொண்டை! நான் என் முப்பது வருஷ சர்வீசில் ஒரு புத்தகத்தையும் கடைசிப் பக்கம் வரை வாசித்தவன் அல்ல. இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் என் குரல் எட்டாத மூலை இந்தக் கட்டடத்தில் உண்டா? அதனால்தான் நான் இங்கே நிற்கிறேன், நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். நாளை முதல் உங்கள் ஒவ்வொருவர் குரலும் பரீட்சிக்கப்படும். பரீட்சகர் நான் அல்ல. இந்தச் சுவர்!"

மறுநாள் பரீட்சை நடந்தது. பயிற்சி ஆசிரியர் ஹாலின் ஒரு கோடியில் நின்று வாசிக்க வேண்டும். தலைமை ஆசிரியர் மறு கோடியில் இருந்த சுவருக்கும் அப்பால், வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சுவரைத் தாண்டி அவருக்குக் கேட்டால் குரல் தேறியது. கேட்காவிட்டால் கோளாறு. பழைய காலத்துச் சுவர் அது, ஒரு ஆள் படுக்கிற அகலம் இருக்கும்.

வாஹித் பாஷா முறை வந்தது. ஹாலில் வேறு யாரும் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் எதற்குக் கத்துவது என்று அவன் தன்பாட்டுக்கு வாசித்தான். முடித்துவிட்டு வெளியே போய்ப் பார்த்தபோது தலைமை ஆசிரியர், "அடுத்த ஆள் ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலாயுத முதலியார் உடனே மேலே எழுதிப்போட்டார். லேசான குரல் கோளாறு உள்ள பயிற்சி ஆசிரியர்களைக் கூட்டமாக வைத்துச் சீர்செய்ய ஒரு தனி வகுப்பு நடத்தலாம், அதற்குத் தனி போதகர் வைத்துக்கொள்ளலாம் என்று சர்க்கார் உத்தரவு வந்தது. இரண்டே நிபந்தனை. கோளாறு லேசானதாக இருக்க வேண்டும், வகுப்பில் பன்னிரண்டு பேருக்குக் குறையக் கூடாது.

போதகர் சுலபமாகக் கிடைத்தார். டிரில் மாஸ்டர் இருதயராஜின் வேலையை அப்போதுதான் சிக்கனம் என்று சொல்லி எடுத்திருந்தார்கள். வீட்டில் மனைவி சவுரியம்மாளும் ஐந்து பிள்ளைகளும். அவருக்குக் குரலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் விசில் இருந்தது.

ஆள் சேர்ப்பதுதான் கஷ்டமாகப் போயிற்று. சுவரிடம் தோற்றவர்கள் பன்னிரண்டு பேருக்குக் குறைவாகத்தான் இருந்தார்கள். அணைக்கட்டு கிராமத்திலிருந்து வந்து படித்த தானியேல் தானாகவே முன்வந்தான். அவனுக்கு அந்த வாரம் குரல் முழுசாகவே போயிருந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வேலாயுத முதலியார் அவனைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "இது லேசான கோளாறு அல்ல. இது கடுமை. கடுமைக்கு உத்தரவு இல்லை. கொஞ்சம் குணமானதும் வா" என்று அனுப்பிவிட்டார். தானியேல் ஊருக்குப் போய், வாயை மூடிக்கொண்டு வேர்க்கடலை பறித்தான். திரும்பி வந்தபோது குரல் கணீரென்று இருந்தது. "இப்போது உனக்குக் கோளாறே இல்லையே! இடையில் ஒருநாள் வந்திருக்க வேண்டும்" என்று தலைமை ஆசிரியர் வருத்தப்பட்டார்.

தானியேல் தப்பித்தான். அவன் இடத்துக்கு சோளிங்கர் மூர்த்தியைப் பிடித்தார்கள். மூர்த்தி வாசித்தபோது சுவருக்கு மட்டுமல்ல, சாலையில் போன ஜட்கா வண்டிக்காரனுக்கும் கேட்டது.

"எனக்கு இன்னா சார் கோளாறு?" என்று அவன் இருதயராஜிடம் கேட்டான்.

"இப்ப ஒண்ணும் இல்லப்பா. வராம இருக்கறதுக்காக ஒக்காரு" என்றார் அவர்.

வகுப்பு ஆரம்பித்தது. விடிந்ததும் மைதானத்தில் வட்டமாக நிற்க வேண்டும். வயிற்றில் கை வைத்துக்கொள்ள வேண்டும். விசில் ஊதியதும் எல்லோரும் சேர்ந்து 'ஆ' என்று கத்த வேண்டும், மறு விசில் வரும்வரை நிறுத்தக் கூடாது. இருதயராஜ் சில நாள் மறு விசிலை ஊத மறந்துவிடுவார். அண்டை வீட்டார் வந்து, யாராவது காலமாகிவிட்டார்களா என்று விசாரித்தார்கள்.

அடுத்தது கொப்புளிப்பு. இதைத் தனித்தனியாகச் செய்வது ஒழுங்கல்ல என்று இருதயராஜ் கருதினார். "ஒன்! வாயில கொள்! டூ! தலையை நிமிர்த்து! த்ரீ! கொப்புளி!" பன்னிரண்டு தொண்டையும் ஒரே தாளத்தில் கொப்புளிக்க வேண்டும். விழுங்கிவிட்டவன் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும்.

முதலில் உப்புத் தண்ணீராக இருந்தது. உப்புக்கு சாங்ஷன் வரவில்லை. அதனால் இருதயராஜ் எங்கேயோ சொல்லி, ஒரு பீப்பாய் நிறைய செந்நிறத் தண்ணீரைத் தருமமாக வாங்கி வந்தார். வாஹித் பாஷா கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்திவிட்டான். அவன் பிறந்ததிலிருந்து தெரிந்த வாசனை அது.

"சார், இது தொட்டித் தண்ணி சார். தோல் ஊறவெக்கிறது."

"ஆவாரம்பட்டைத் தண்ணிப்பா. தொண்டைக்கு ரொம்ப நல்லது. எங்க மாமியாரே காய்ச்சிக் குடுப்பாங்க."

"அது கஷாயம் சார். இதுல ஆட்டுத் தோலு ஊறிட்டு இருந்திருக்கும் சார்."

இருதயராஜ் பீப்பாயை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "பட்டை ஒரே பட்டைதானே? ஒன்!" என்றார்.

அந்தத் தண்ணீரில் கொப்புளிக்க ஆரம்பித்த பிறகு எல்லோருக்கும் நாக்கு தடித்தது. மூர்த்தியின் கணீர்க் குரலில் முதல் தடவையாக ஒரு கரகரப்பு வந்தது. அதைக் கேட்டு இருதயராஜுக்கு உண்மையிலேயே நிம்மதி. இதுநாள்வரை பொய்யாக உட்கார்ந்திருந்த பையன் இப்போது முறைப்படி வகுப்புக்கு உரியவனாகிவிட்டான் அல்லவா?

மூன்றாவது அம்சம் மௌனம். காலையில் கத்திய தொண்டை மீதி நாள் முழுக்க ஓய்வெடுக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியர் உத்தரவிட்டார். பன்னிரண்டு பேர் கழுத்திலும் சிலேட்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். சாப்பாட்டில் ரசம் வேண்டுமானால் எழுதிக் காட்ட வேண்டும். எழுதி முடிப்பதற்குள் ரசம் தீர்ந்துவிடும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. மௌனத்தில் இருப்பவன் மாதிரிப் பள்ளியில் பாடம் நடத்தக் கூடாது. பாடம் நடத்தாதவனுக்கு சர்டிபிகேட் கிடையாது.

வாஹித் பாஷா தலைமை ஆசிரியர் அறைக்குப் போய் சிலேட்டை நீட்டினான். 'எனக்கு எப்போது பாடம் தருவீர்கள்?' என்று எழுதியிருந்தான்.

வேலாயுத முதலியார் அன்போடு விளக்கினார். "குரல் சரியானதும் பாடம் தருவேன். ஆனால் உன் குரல் சரியாகிவிட்டால் நீ வகுப்பை விட்டுப் போக வேண்டும். நீ போனால் பதினொன்று. பதினொன்று என்றால் வகுப்பே இல்லை. வகுப்பு இல்லாவிட்டால் உன் குரலை யார் சரிசெய்வது? உன் நன்மைக்காகத்தான் உன்னைக் குணமாகாமல் வைத்திருக்கிறேன். புரிகிறதா?"

வாஹித்துக்குப் புரியவில்லை. ஆனால் தரகர் வீட்டுப் பிள்ளைக்கு வேறொன்று புரிந்தது. ஒரு பெரிய மனிதர் இப்படிச் சுற்றி வளைத்துப் பேசினால், வெளியே சொல்ல முடியாத கணக்கு ஏதோ அவர் மனதில் இருக்கிறது. அதை வெளிப்படையாகக் கேட்பது மரியாதை அல்ல. மண்டியில் செய்வதையே அவன் செய்தான். தோளிலிருந்த துண்டை எடுத்துத் தலைமை ஆசிரியர் கைமேல் போட்டான். கீழே கையைவிட்டு, இரண்டு விரலைப் பிடித்து மெல்ல அழுத்தினான். இரண்டு வாரத்தில் விட்டுவிடுங்கள் என்று அதற்கு அர்த்தம்.

வேலாயுத முதலியார் நாற்காலியோடு பின்னால் போனார்.

"என்ன இது? ஒத்துழையாமையா?" என்று அலறினார். முதலில் மோதிரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து பியூனைக் கூப்பிட்டார். "கையைப் பிடித்து ரகசிய சமிக்ஞை! என்னை! இருபத்தைந்து கலெக்டர்களுக்குச் சலாம் போட்ட கை இது!"

அன்று மாலையே புது விதி ஒன்று வந்தது. பள்ளி எல்லைக்குள் யாரும் துண்டு போடக் கூடாது. வைகாசி மாதத்து வேலூர் வெயிலில் வேர்வையைத் துடைக்க வழியில்லாமல் வாத்தியார்கள் முதல் வாட்ச்மேன் வரை வாஹித் பாஷாவைத் திட்டினார்கள். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. சிலேட்டில் இடம் போதவில்லை.

இரண்டு நாள் லீவில் ஆம்பூருக்குப் போனான். வீட்டில் அவன் குரலைக் கேட்டு அம்மா முனவ்வர் பேகம் பதறிப்போனாள். சர்தார் பாஷா நிதானமாக விசாரித்தார்.

"இன்னா குடுக்குறாங்க தொண்டைக்கு?"

"ஆவாரம்பட்டைத் தண்ணி."

"பட்டைத் தண்ணியில போட்டா தோலு கெட்டியாவும், ஆயுசுக்கும் கெட்டுப்போவாது. உன் தொண்டை இன்னா ஆட்டுத் தோலா?" என்றவர், "கட்டடத்துக்கு ஓடு போட்டாச்சு. அடுத்த மாசம் தொறக்குறாங்க. கமிட்டில கேட்டாங்க, உன் பையன் வர்றானான்னு. நான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

வாஹித் பாஷா அந்தக் கட்டடத்தைப் போய்ப் பார்த்தான். சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. கரும்பலகையை மாட்ட ஆணி அடித்திருந்தார்கள். அந்த ஆணியைத் தொட்டுப் பார்த்தபோது அவனுக்கு அழுகை வந்தது. வேலூருக்குத் திரும்ப அவனுக்கு மனமே இல்லை, ஆனாலும் போனான்.

அங்கே பள்ளி அல்லோலகல்லோலப்பட்டது. குரல் வகுப்பைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வருகிறார். கோளாறு எப்படி இருந்தது, எப்படி ஆயிற்று என்று நேரில் காட்ட வேண்டும். கோளாறுக்கு மூர்த்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது வகுப்பிலேயே மோசமான குரல் அவனுடையதுதான். குணத்துக்கு, இருப்பவர்களில் நன்றாகப் பாடம் நடத்துகிற வாஹித் பாஷா. இன்ஸ்பெக்டர் முன்னால் மாதிரிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவன் ஒரு பாடம் நடத்த வேண்டும்.

"நல்லா நடத்திட்டா எனக்கு சர்டிபிகேட் கெடைக்குமா சார்?" என்று இருதயராஜைக் கேட்டான்.

"இன்ஸ்பெக்டரே பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டா யாரு தடுப்பாங்க? சத்தமா மட்டும் நடத்துப்பா. என் வேலையும் உன் தொண்டையிலதான் இருக்குது."

அந்த நாள் வந்தது. மூர்த்தி எழுந்து நின்று ஒரு பாட்டு வாசித்தான். கேட்கிறவர்களுக்கே தொண்டை வலித்தது. இன்ஸ்பெக்டர் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "இதுதான் ஆரம்ப நிலை" என்றார் வேலாயுத முதலியார் கம்பீரமாக. பிறகு தம் நாற்காலியைத் தூக்கச் சொல்லி, வழக்கப்படி சுவருக்கு அப்பால் போய் உட்கார்ந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் பிள்ளைகளுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தார்.

வாஹித் பாஷா சத்தமாக நடத்த வேண்டும் என்றுதான் எழுந்தான். ஆனால் எத்தனையோ நாளுக்குப் பிறகு பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததும் சுவர் ஞாபகமே அவனுக்கு வரவில்லை. நிழலைப் பற்றி ஆரம்பித்தான். காலையில் நீளமாக இருக்கிற நிழல் மத்தியானம் எங்கே போகிறது? ஒரு பையன், காலடியில் ஒளிந்துகொள்கிறது என்றான். இன்னொருவன், வெயிலுக்குப் பயந்து சுருங்குகிறது என்றான். வாஹித் ஒரு பென்சிலை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினான். பிள்ளைகள் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவன் தணிந்த குரலில் கேட்டுக்கொண்டே போனான், அவர்கள் கண்டுபிடித்துக்கொண்டே வந்தார்கள். இன்ஸ்பெக்டர்கூடக் கழுத்தை நீட்டிப் பென்சிலைப் பார்த்தார்.

"பேஷ்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்போது வேலாயுத முதலியார் உள்ளே வந்தார். "ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை?"

"முடிந்தே விட்டதே. பிரமாதமான பாடம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே!"

"பிள்ளைகளுக்குக் கேட்டது."

"மன்னிக்க வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்பது ஒரு கெட்டிக்காரத்தனமா? இந்தப் பள்ளியில் பிள்ளைகள் வருவார்கள், போவார்கள். சுவர் நிரந்தரம். சுவருக்குக் கேட்டதா என்பதுதான் பரீட்சை."

இன்ஸ்பெக்டர் பிள்ளைகளைப் பார்த்து, "நிழல் ஏன் சுருங்குகிறது?" என்று கேட்டார். எல்லோரும் ஒரே சமயத்தில் கத்திப் பதில் சொன்னார்கள்.

"பார்த்தீர்களா? இது சுவரைத் தாண்டிக் கேட்கும்!" என்றார் வேலாயுத முதலியார் வெற்றியோடு. "பிள்ளைகளின் குரலே ஆசிரியரைவிட மேலாக இருக்கிறது. இந்த நிலையில் இவனை வெளியே விடலாமா? இன்னும் ஒரு வருஷமாவது வகுப்பில் இருக்க வேண்டும்."

இன்ஸ்பெக்டருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. டிபன் வேறு காத்திருந்தது. யாரையும் மனம் நோகச் செய்யாமல் அவர் அபிப்பிராயம் சொன்னார். இவ்வளவு நல்ல பாடம் அடுத்த அறைக்குக் கேட்காமல் வீணாவது பெரிய நஷ்டம் என்றும், ஆகவே குரல் வகுப்பு அவசியம் தொடர வேண்டும் என்றும், முதலியாரின் சேவையைச் சர்க்கார் கவனிக்கும் என்றும் சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

வாஹித் பாஷா கழுத்திலிருந்து சிலேட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது.

"நான் போறேன் சார்" என்றான்.

இருதயராஜ் வாசல்வரை கூடவே வந்தார். "நீ போனா பதினொண்ணுதான் பாய்."

"தெரியும் சார்."

"வீட்டுல சின்னது இன்னும் நடக்கக்கூட ஆரம்பிக்கல."

வாஹித் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டான்.

ஆம்பூரில் கமிட்டிக்காரர்கள் அவனிடம் நல்லபடியாகவே பேசினார்கள். சர்டிபிகேட் இல்லாத ஆளை வைத்தால் சர்க்கார் கிராண்ட் தராது, தாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். அவன் மண்டிக்குப் போனான். சர்தார் பாஷா ஒரு வார்த்தையும் குத்திக் காட்டவில்லை. மகன் தோளில் ஒரு புதுத் துண்டைப் போட்டார், அதுவே அவனுக்குப் போதுமான வேதனையாக இருந்தது.

வேலூரில் பன்னிரண்டு பதினொன்றாயிற்று, வகுப்பு மூடப்பட்டது. ஆள் ஓடிப்போனதால் மூடினோம் என்று எந்தத் தலைமை ஆசிரியராவது சொல்வாரா? எல்லோரும் பூரண குணமடைந்துவிட்டார்கள் என்று வேலாயுத முதலியார் மேலே தெரிவித்தார். பதினொரு பேருக்கும் ஒரே நாளில் பாடம் கொடுத்து, ஒரே நாளில் சர்டிபிகேட்டும் கொடுத்தார். மூர்த்தி நன்றி சொல்ல வாயைத் திறந்தான். ஒன்றும் கேட்கவில்லை என்றாலும் அவர் புரிந்துகொண்டார். ஒரே வருஷத்தில் ஒரு தொண்டை பாக்கியில்லாமல் குணமாக்கிய சாதனைக்காக அவருக்கு ராவ் சாகிப் பட்டம் வந்தது. பாராட்டுக் கூட்டத்தில் அவர் பேசியது கோட்டை அகழிவரை கேட்டதாம்.

இருதயராஜ் வேலை இழந்தார். பழைய காலத்தில் எப்போதோ அவரும் ஒரு ஆசிரியர் சர்டிபிகேட் வாங்கி வைத்திருந்தார். சர்க்கார் சர்வீஸ், சர்டிபிகேட், விசில் எல்லாம் உள்ள மனிதர் விண்ணப்பம் போட்டால் எந்தக் கமிட்டி வேண்டாம் என்று சொல்லும்? ஆம்பூர்ப் பள்ளிக்கூட வேலை அவருக்கே போயிற்று.

பள்ளி திறந்த வாரமே அவர் மண்டிக்கு வந்தார். உப்புப் போட்ட தோல் கட்டுகளுக்கு நடுவே வாஹித் பாஷா உட்கார்ந்திருந்தான். இருதயராஜ் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் எதிரே உட்கார்ந்தார்.

"உன் எடத்துல வந்து ஒக்காந்துட்டேன். எனக்கு வேற வழி இல்ல பாய்."

"உங்களை ஒண்ணும் சொல்லல சார்."

"பிள்ளைங்க என் மூஞ்சியே பாத்துட்டு ஒக்காந்திருக்குதுங்க. அட்டென்ஷன்னு சொன்னேன், நின்னுச்சுங்க. அட் ஈஸ்னு சொன்னேன், கையைப் பின்னால கட்டிக்கிச்சுங்க. அதுக்கு மேல இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல. காலையில மண்டி தொறக்குறதுக்கு முன்னால நீ வந்து நடத்திட்டுப் போயேன்."

"சர்டிபிகேட்டு இல்லாதவன் வகுப்புல நின்னா கிராண்டு போய்டும் சார். உங்க வேலையும் போய்டும்."

இருதயராஜ் நெடுநாள் சர்க்கார் சோறு சாப்பிட்டவர். தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"வாத்தியாரா வந்தாத்தானே தப்பு? பொருட்பாடம்னு ஒண்ணு இருக்குது. ஒரு சாமானைக் கொண்டாந்து பிள்ளைங்க முன்னால வெச்சுக் காட்டிப் பாடம் நடத்தலாம். எந்தச் சாமான்னு விதியில ஒண்ணும் இல்ல. ஆட்டைக் கூடக் கட்டிவெச்சு நடத்துவாங்க. நீ பொருளா வா."

வாஹித் பாஷா அவர் முகத்தைப் பார்த்தான். விளையாட்டாகச் சொல்லவில்லை என்று தெரிந்தது. "எந்தப் பாடத்துக்குப் பொருளு?" என்று கேட்டான்.

"தோல் வியாபாரம்னு சொல்லிக்கலாம்."

மறுநாள் காலையில் பொருள் வகுப்புக்கு வந்தது. மணிச்சட்டத்துக்கும் உலக உருண்டைக்கும் நடுவில் நின்றது. இருதயராஜ் கையை நீட்டிக் காட்டி, "பிள்ளைங்களே, இதுதான் பொருள்" என்று சொல்லிவிட்டுக் கதவோரம் போய் உட்கார்ந்துகொண்டார். பிறகு பொருள் பேச ஆரம்பித்தது. கூட்டல் கழித்தலைப் பற்றிப் பேசியது, மழையைப் பற்றிப் பேசியது, எழுத்துகளைப் பற்றிப் பேசியது. தோல் வியாபாரத்தைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. பிள்ளைகள் அதைப் 'பொருள் சார்' என்று கூப்பிட்டார்கள்.

அந்த வருஷக் கடைசியில் அதே இன்ஸ்பெக்டர் ஆம்பூருக்கு வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே வந்துவிட்டார். வகுப்பில் வாஹித் பாஷா கடலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். இருதயராஜ் துள்ளி எழுந்து சலாம் வைத்தார்.

"ஆசிரியர் நீர்தானே? அவர் யார்?"

"பொருள் சார்."

"என்ன?"

"பொருட்பாடம் நடக்குது சார். அது பொருள்."

இன்ஸ்பெக்டர் வாஹித்தை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததா இல்லையா என்று அவர் முகம் சொல்லவில்லை. பையிலிருந்த விதிப் புத்தகத்தை எடுத்து நிதானமாகப் புரட்டினார்.

"பொருள் பேசுகிறதே?"

"பேசக் கூடாதுன்னு விதியில இல்ல சார்" என்றார் இருதயராஜ்.

இன்ஸ்பெக்டர் இன்னும் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுப் புத்தகத்தை மூடினார். பின்னால் போய், பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்துகொண்டார். "இல்லைதான். நடக்கட்டும்" என்றார்.

வாஹித் பாஷாவுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பெரிய மனிதர் எதிரில், உலக உருண்டைக்குப் பக்கத்தில், தானும் ஒரு சாமானாக நிற்பதை நினைத்தபோது காது சூடேறியது. இப்படியே மண்டிக்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். அதற்குள் முன் வரிசையில் சைரா கையைத் தூக்கிவிட்டாள். தொட்டியில் வேலை செய்கிறவரின் மகள்.

"சார், கடல்ல இருக்குற உப்பை எல்லாம் எடுத்துட்டா, மீனுக்கு எல்லாமே சப்புன்னு இருக்குமா?"

யாரோ சிரித்தார்கள். வாஹித்துக்குப் பதில் தெரியவில்லை.

"தெரியல சைரா. நீ இன்னா நெனைக்கிற, சொல்லு" என்றான்.

சைரா யோசித்தாள். வகுப்பே அவளோடு சேர்ந்து யோசித்தது. தெருவில் மண்டிகள் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம் கேட்டது. சர்தார் பாஷா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பொருள் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.